ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவுக்குப் பழைய 50 மி.மீ. லென்ஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா (லென்ஸ் வழியாக அல்லாமல் தனி ஜன்னல் வழியாகப் பார்த்து ஃபோக்கஸ் செய்யும் வகை) ஒன்று கைக்கு வந்துவிட்டது, அல்லது வரப்போகிறது. அதற்கு செகண்ட் ஹேண்டில் ஒரு 50 மி.மீ. லென்ஸ் தேட வேண்டும். இந்தக் கட்டத்தில் இருப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். 1930-களிலிருந்து 1970-கள் வரை வந்த லென்ஸ்களைப் பற்றித்தான் பேச்சு. லைக்கா கேமராக்களின் திருகு மவுண்ட், எம் மவுண்ட் (மவுண்ட் என்றால் லென்ஸைக் கேமராவில் மாட்டும் இடம்) இரண்டையும் சுற்றியே அதிகம் போகும், ஏனென்றால் பழைய லென்ஸ் சந்தையில் கிடைப்பதில் பெரும்பகுதி அவைதான்.

சுருக்கமாகச் சொல்லுங்கள், எதை வாங்கட்டும்?

கண்ணாடி தெளிவாகவும் ஃபோக்கஸ் சரியாகவும் இருக்கும் ஒரு எஃப்/2 லென்ஸ் (எஃப் எண் குறையக் குறைய லென்ஸ் அகலமாகத் திறந்து அதிக வெளிச்சம் வாங்கும், அதைத்தான் வேகம் என்பார்கள்). பெயர் எதுவாக இருந்தாலும் பரவாயில்லை. உள்ளே மங்கிப்போன லைக்கா சம்மிக்ரானை விட, பளிச்சென்று இருக்கும் சோவியத் ஜூப்பிட்டர்-8 நல்ல படம் தரும். கீழே வரும் எல்லாப் பதில்களும் இந்த ஒரு நம்பிக்கையின் மேல்தான் நிற்கின்றன: மாடலைத் தேர்ந்தெடுப்பதில் செலவிடும் நேரத்தை விட, உங்கள் கையில் இருக்கும் அந்த ஒரு லென்ஸைப் பரிசோதிப்பதில் செலவிடும் நேரம் அதிக பலன் தரும். அறுபது எழுபது வயதான ஒரே மாடல் லென்ஸ் இரண்டை எடுத்தால், ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் இடையே உள்ள வித்தியாசம் இரண்டு கம்பெனிகளுக்கு இடையே உள்ள வித்தியாசத்தை விடப் பெரிதாக இருக்கலாம்.

எஸ்.எல்.ஆர். கேமராவுக்குப் பழைய லென்ஸ் வாங்கிப் பழக்கம் உண்டு. இதில் என்ன புதிதாகக் கவனிக்க வேண்டும்?

எஸ்.எல்.ஆரில் லென்ஸ் வழியாகத்தான் பார்க்கிறீர்கள். மங்கலாக இருந்தால் கண்ணுக்கே தெரியும், ஃபோக்கஸ் விலகினால் உடனே திருத்திக்கொள்ளலாம். ரேஞ்ச்ஃபைண்டரில் நீங்கள் பார்ப்பது தனி ஜன்னல் வழியாக. லென்ஸ் மூடியைக் கழற்றாமலேயே அழகாக ஃபோக்கஸ் செய்து முழு ரோலையும் எடுத்து முடித்துவிட முடியும், வ்யூஃபைண்டர் எதுவும் சொல்லாது.

ஃபோக்கஸ் எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் மற்றது தானாகப் புரியும். லென்ஸின் ஃபோக்கஸ் வளையத்தைத் திருப்பும்போது அதன் பின்பக்கத்தில் இருக்கும் ஓர் உலோக வளையம் முன்னும் பின்னும் நகரும். கேமராவுக்குள் இருக்கும் சின்ன உருளை ஒன்று அதைத் தொட்டுக்கொண்டே நின்று, அந்த நகர்வை ரேஞ்ச்ஃபைண்டருக்குச் சொல்லும். நீங்கள் பார்க்கும் இரட்டைப் பிம்பம் ஒன்று சேர்வது அந்த உருளையின் பேச்சைக் கேட்டுத்தான். லென்ஸின் கண்ணாடி உண்மையில் எங்கே ஃபோக்கஸ் செய்கிறது என்பதும், அந்த உலோக வளையம் என்ன சொல்கிறது என்பதும் ஒத்துப்போக வேண்டும். யாரோ ஒருவர் லென்ஸைக் கழற்றிச் சுத்தம் செய்துவிட்டு, உள்ளே இருந்த மெல்லிய ஷிம் வளையத்தைப் போட மறந்திருந்தால் ஒத்துப்போகாது. பார்ப்பதற்கு லென்ஸ் புத்தம் புதிதாக இருக்கும், படம் மட்டும் எப்போதும் ஒரு சாண் தள்ளி ஷார்ப்பாக இருக்கும்.

என் கேமராவில் எந்த மவுண்ட் பொருந்தும்?

லைக்கா திருகு மவுண்ட் என்பது 39 மி.மீ. விட்டம், அங்குலத்துக்கு 26 புரி. லைக்காவின் பழைய திருகு மாடல்கள், கேனானின் ரேஞ்ச்ஃபைண்டர்கள், சோவியத் ஃபெட், ஜோர்க்கி எல்லாம் இந்த வகை. 1954-ல் எம்3 வந்தபோது லைக்கா பயனெட் மவுண்டுக்கு (செருகிக் கொஞ்சம் திருப்பினால் பூட்டிக்கொள்ளும் வகை) மாறியது, அதுதான் எம் மவுண்ட். திருகு மவுண்டில் மவுண்டின் முகத்துக்கும் ஃபிலிமுக்கும் இடையே 28.8 மி.மீ., எம் மவுண்டில் 27.8 மி.மீ. இந்த ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில் ஒரு அடாப்டர் வளையம் உட்கார்ந்துவிடும். அதனால் திருகு லென்ஸை எம் கேமராவில் போடலாம், ரேஞ்ச்ஃபைண்டரும் சரியாக வேலை செய்யும். எம் லென்ஸைத் திருகு கேமராவில் போட முடியாது. அடாப்டர் வாங்கும்போது 50 மி.மீ. ஃப்ரேம்லைனை (படத்தின் எல்லையை வ்யூஃபைண்டரில் காட்டும் கோட்டை) கொண்டுவரும் வகையைப் பார்த்து வாங்குங்கள். 28-க்கு, 35-க்கு என்று தனித்தனியாக விற்கிறார்கள்.

காண்டாக்ஸ், கீவ் கேமராக்கள் வேறு குடும்பம். அவற்றில் 50 மி.மீ. லென்ஸுக்கான ஃபோக்கஸ் புரியே கேமராவில்தான் இருக்கிறது, லென்ஸில் இல்லை. நிக்கான் எஸ் மவுண்ட் பார்ப்பதற்கு அதே மாதிரி இருக்கும், பொருந்தவும் செய்யும். ஆனால் 50 மி.மீ. லென்ஸை மாற்றிப் போட்டால், அகலமாகத் திறந்து கிட்டத்தில் எடுக்கும்போது ஃபோக்கஸ் தவறும்.

"39 மி.மீ. திருகு" என்று விற்பவர் சொன்னால் போதுமா?

போதாது. இந்த இடத்தில் நிறைய பேர் பணத்தை விடுகிறார்கள். பழைய ஜெனிட் எஸ்.எல்.ஆர். கேமராக்களும் 39 மி.மீ. திருகுதான், ஆனால் அதற்கான லென்ஸ் ஃபிலிமிலிருந்து 45.2 மி.மீ. தள்ளி நிற்க வேண்டியது. ரேஞ்ச்ஃபைண்டரில் திருகினால் திருகும், எந்தத் தூரத்திலும் ஃபோக்கஸ் வராது. டார்க்ரூமில் படம் பெரிதாக்கும் என்லார்ஜர் லென்ஸ்களிலும் நிறைய 39 மி.மீ. திருகு உண்டு, அவற்றில் ஃபோக்கஸ் வளையமே கிடையாது. ஜூப்பிட்டர்-8-ஐ எடுத்துக்கொண்டால் ஒன்று திருகு மவுண்டில், இன்னொன்று கீவ் மவுண்டில் என இரண்டு விதமாக வந்தது. முன்பக்கம் பார்த்தால் வித்தியாசம் பிடிபடாது. பின்பக்கத்துப் படம் கேளுங்கள்: திருகுப் புரியும், அதற்குள் நகரும் உலோக வளையமும் தெரிய வேண்டும்.

எஃப்/3.5, எஃப்/2, எஃப்/1.5: எந்த வேகம் வேண்டும்?

பெரும்பாலானவர்களுக்கு எஃப்/2. காரணத்தைக் கொஞ்சம் விளக்குகிறேன், ஏனென்றால் "வேகமான லென்ஸ் என்றால் நல்ல லென்ஸ்" என்ற எண்ணம் ரேஞ்ச்ஃபைண்டரில் அதிகம் சிக்கலில் கொண்டுபோய் விடும்.

50 மி.மீ. லென்ஸை எஃப்/2-ல் திறந்து 1 மீட்டரில் இருப்பவரை எடுத்தால், ஷார்ப்பாகத் தெரியும் ஆழம் மொத்தமே சுமார் 4.5 செ.மீ. எஃப்/1.5-ல் சுமார் 3.4 செ.மீ. எஃப்/3.5-ல் 8 செ.மீ. பக்கம் கிடைக்கும். உங்கள் கேமராவின் ரேஞ்ச்ஃபைண்டர் இவ்வளவு நுணுக்கமாக அளக்குமா என்பதுதான் கேள்வி. அதை அளக்க ஒரு வழி உண்டு: இரண்டு ஜன்னல்களுக்கு இடையிலான தூரத்தை வ்யூஃபைண்டரின் உருப்பெருக்கத்தால் பெருக்க வேண்டும். லைக்கா எம்3-ல் 68.5 மி.மீ. இடைவெளி, 0.91 உருப்பெருக்கம், ஆக சுமார் 62 மி.மீ. எம்6-ன் 0.72 வகையில் சுமார் 50. சின்ன லைக்கா சி.எல்.லில் 31.5 மி.மீ., 0.60, ஆக 19 மட்டுமே. எம்3-ல் எஃப்/1.4 லென்ஸை நிம்மதியாக ஓட்டலாம். சி.எல்.லில் அதே லென்ஸை வைத்துக் கிட்டத்தில் எடுத்தால் பாதிக்குப் பாதி கண்ணுக்குப் பதில் காது ஷார்ப்பாக வந்து நிற்கும்.

வேகமான பழைய லென்ஸில் கண்ணாடித் துண்டுகளும் அதிகம், மங்குவதற்கான இடங்களும் அதிகம், விலையும் ஏறும். வெளிச்சத்தில், தெருவில், 2 மீட்டருக்கு அப்பால் எடுப்பவருக்கு எஃப்/3.5 கூடத் தாராளம்.

பூஞ்சை, மங்கல், கீறல்: எதற்குப் பயப்பட வேண்டும்?

விற்பவர்கள் வரிசைப்படுத்துவதற்கு ஏறக்குறைய தலைகீழாக என் வரிசை இருக்கும்.

முன் கண்ணாடியில் ஒன்றிரண்டு கீறல் இருந்தால் விட்டுவிடுங்கள். படத்தில் தெரியாது, விலையும் குறையும், பேரம் பேச நல்ல காரணம். ஆனால் மெல்லிய துடைப்புக் கோடுகள் நூற்றுக்கணக்கில் இருந்தால் கதை வேறு. 1930-களின் லைக்கா சம்மார் எஃப்/2 லென்ஸின் முன் கண்ணாடி மிருதுவானது. சட்டைத் துணியால் துடைத்துத் துடைத்து அது தேய்த்த கண்ணாடி மாதிரி ஆகியிருக்கும். 1950-களின் சம்மிக்ரான்களில் கண்ணாடி மேல் பூசிய கோட்டிங் மிருது. இப்படிப்பட்டதில் எதிர்வெளிச்சம் பட்டால் படம் முழுக்க ஒரு வெள்ளைத் திரை விழும். பின் கண்ணாடியில் கீறல் என்றால் முன்பக்கத்தை விட அதிகமாகக் கவனியுங்கள், அது ஃபிலிமுக்கு அருகில் இருப்பதால் பாதிப்பும் கூடும்.

உள்மங்கல், அதாவது எல்லோரும் ஹேஸ் என்று சொல்வது, என் கணக்கில் முதல் எதிரி. ஃபோக்கஸ் புரியில் போட்ட கிரீஸிலிருந்து எண்ணெய் ஆவியாகி, உள் கண்ணாடிகளின் மேல் படிந்துவிடும். சாதாரணமாகப் பார்த்தால் தெரியாது. கான்ட்ராஸ்டைத் தின்றுவிடும். பல லென்ஸ்களில் பிரித்துத் துடைத்தால் போய்விடும், சிலவற்றில் அந்தப் படிவு கண்ணாடியையே அரித்திருக்கும். அரித்துவிட்டால் திரும்பாது.

பூஞ்சை நூல் நூலாக, வலை மாதிரி தெரியும். ஓரத்தில் சின்னதாக இருந்தால் சுத்தம் செய்யக் கொடுக்கலாம். நடுவில் பரவியிருந்தால் கோட்டிங்கையும் சாப்பிட்டிருக்கும், துடைத்த பிறகும் தடம் நிற்கும்.

ஒட்டிய கண்ணாடிகள் பிரிவது இன்னொன்று. இரண்டு கண்ணாடித் துண்டுகளை ஒட்டியிருக்கும் பசை விட்டுப்போனால் ஓரத்திலிருந்து வானவில் நிறத்தில் ஒரு திட்டு வளர ஆரம்பிக்கும். இதைச் சரிசெய்பவர்கள் மிகக் குறைவு, செலவு லென்ஸின் விலையைத் தாண்டும். நான் வாங்க மாட்டேன்.

தூசி, சின்னச் சின்னக் குமிழி? மறந்துவிடுங்கள். குமிழி அந்தக் காலக் கண்ணாடி வார்ப்பிலேயே வந்தது.

டார்ச் அடித்துப் பார்ப்பது எப்படி?

அபெர்ச்சரை, அதாவது லென்ஸுக்குள் வெளிச்சம் போகும் திறப்பை, முழுக்கத் திறந்து வையுங்கள். அறையை இருட்டாக்குங்கள். லென்ஸின் பின்பக்கம் சின்ன எல்.இ.டி. டார்ச் ஒன்றைப் பிடித்து, நேராக அடிக்காமல் கொஞ்சம் சாய்த்து அடியுங்கள். முன்பக்கம் வழியாகப் பார்க்கும் உங்கள் கண்ணில் டார்ச்சின் ஒளி நேராகப் படக்கூடாது, கண்ணாடிகள் மட்டும் ஒளிர வேண்டும். இப்போது லென்ஸை மெதுவாகச் சுற்றுங்கள். நல்ல லென்ஸில் கறுப்புப் பின்னணியும் சில தூசிப் புள்ளிகளும் தெரியும். மங்கல் இருந்தால் அபெர்ச்சருக்குப் பக்கத்தில் ஒரு வட்டம் முழுக்கப் பால் தெளித்தது மாதிரி வெளுத்து நிற்கும். அப்புறம் டார்ச்சை முன்பக்கம் கொண்டுபோய், பின்பக்கத்திலிருந்து அதே மாதிரி பாருங்கள், ஏனென்றால் அபெர்ச்சருக்குப் பின்னால் இருக்கும் பரப்பு முன்பக்கத்திலிருந்து சரியாகத் தெரியாது.

ஒரு எச்சரிக்கை. இந்தச் சோதனையில் எந்தப் பழைய லென்ஸும் கொஞ்சம் பயமுறுத்தும். நாலைந்து தூசிக்கும் ஒரு முடிக்கும் பயந்து நல்ல லென்ஸைத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். நீங்கள் தேடுவது பரவலான வெளுப்பு, வலை, வானவில் திட்டு இந்த மூன்றும்தான்.

அபெர்ச்சர் பிளேடில் எண்ணெய் இருக்கிறது. வாங்கலாமா?

எஸ்.எல்.ஆர். லென்ஸாக இருந்தால் வேண்டாம் என்பேன், அங்கே பிளேடுகள் ஷட்டர் அடிக்கும் நொடியில் தானாக மூட வேண்டும், எண்ணெய் அதைத் தாமதப்படுத்தும். ரேஞ்ச்ஃபைண்டர் லென்ஸில் நீங்கள் கையால் திருப்பி வைத்த இடத்தில் அது நிற்கும், அவ்வளவுதான். அந்த எண்ணெய் நாளடைவில் ஆவியாகிக் கண்ணாடியில் படியலாம் என்பதால் அடுத்த சர்வீஸில் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். வாங்குவதைத் தள்ளிப்போடத் தேவையில்லை.

எல்மார் 50 எஃப்/3.5 இன்றைக்கும் உபயோகப்படுமா?

தாராளமாக. மாக்ஸ் பெரெக் வடிவமைத்தது, 1920-களிலிருந்து லைக்காவோடு வந்தது. நாலு கண்ணாடி, மூன்று தொகுதி, எளிமையான அமைப்பு. துண்டுகள் குறைவு என்பதால் மங்கல் வந்தாலும் சுத்தம் செய்வது சுலபம். மடக்கினால் கேமரா சட்டைப்பைக்குள் போகும் அளவுக்குச் சின்னதாகிவிடும். நடுப்பகுதி எஃப்/3.5-லேயே நன்றாக இருக்கும், எஃப்/8 பக்கம் போனால் ஓரங்களும் சேர்ந்துகொள்ளும்.

தொந்தரவு அதன் அபெர்ச்சரில்தான். முன் கண்ணாடியைச் சுற்றி இருக்கும் ஒரு குட்டி நெம்புகோலை நகத்தால் நகர்த்த வேண்டும், ஹூட் மாட்டிவிட்டால் அதுவும் எட்டாது. பழையவற்றில் எண்களும் வேறு வரிசை: 3.5, 4.5, 6.3, 9, 12.5, 18. இன்றைய மீட்டர் 5.6, 8, 11 என்று சொல்லும், நீங்கள் நடுவில் குத்துமதிப்பாக வைக்க வேண்டும். கறுப்பு வெள்ளை ஃபிலிமில் இந்த வித்தியாசம் கவலைப்பட வேண்டியதில்லை.

சம்மிக்ரான் அவ்வளவு பெரிய விஷயமா?

நல்ல நிலையில் இருந்தால், ஆமாம். 1953-ல் மடக்கும் வகை வந்தது, 1956-ல் மடங்காத வகை. இரண்டுமே ஏழு கண்ணாடி. 1969-லும் 1979-லும் வந்த பிந்தைய வகைகளில் கான்ட்ராஸ்ட் கூடுதல், கோட்டிங்கும் உறுதி. 1950-களின் சம்மிக்ரான் தரும் நுணுக்கமும், வெளிச்சத்திலிருந்து நிழலுக்கு அது இறங்கும் விதமும் எனக்கு மிகவும் பிடிக்கும், கறுப்பு வெள்ளையில் அதை விட நான் விரும்பும் லென்ஸ் குறைவு. ஆனால் பழைய இரண்டு வகையிலும் உள்மங்கலும் துடைப்புக் கோடுகளும் சகஜம், விலையோ பெயருக்காக ஏறி நிற்கும். டார்ச் இல்லாமல் வாங்கவே கூடாத லென்ஸ் இது.

கேனானும் நிக்கோரும்?

ஜப்பானின் திருகு மவுண்ட் லென்ஸ்களை இன்னும் பலர் குறைத்து மதிப்பிடுகிறார்கள். 1950-ல் லைஃப் பத்திரிகையின் புகைப்படக்காரர் டேவிட் டக்ளஸ் டங்கனும் அவருடைய சகாக்களும் ஜப்பானில் நிக்கோர் லென்ஸ்களைச் சோதித்துப் பார்த்து, கொரியப் போரைப் படமெடுக்க அவற்றையே கொண்டுபோனார்கள். ஜெர்மன் லென்ஸ்தான் லென்ஸ் என்று இருந்த காலத்தில் அது பெரிய செய்தியானது. நிக்கோர் 50 எஃப்/2, எஃப்/1.4 இரண்டும் ஜெர்மன் கம்பெனியான சைஸின் (Zeiss) சோனார் லென்ஸின் அமைப்பு. பித்தளையும் குரோமுமாகக் கையில் கனக்கும், வேலைப்பாடு அற்புதம். திருகு மவுண்ட் எஃப்/1.4, ரேஞ்ச்ஃபைண்டர் இணைப்பைத் தாண்டியும் இன்னும் கிட்டத்தில் ஃபோக்கஸ் செய்யும், அங்கே தூரத்தை நீங்களே அளந்துகொள்ள வேண்டும்.

கேனான் 50 எஃப்/1.8 விலைக்கு மிக நல்ல லென்ஸ், ஆனால் 1950-களின் பிற்பகுதியில் வந்த கறுப்பும் குரோமும் கலந்த வகைக்கு ஒரு வியாதி உண்டு. அபெர்ச்சருக்குப் பின்னால் இருக்கும் கண்ணாடிப் பரப்பு மங்கி, நாள்பட்டால் அரித்துவிடும். டார்ச் அடித்தால் அந்த இடத்தில் சீரான வெளுப்பு ஒன்று தெரியும். துடைத்துப் பார்த்தேன் போகவில்லை என்று விற்பவர் சொன்னால் அது அரிப்பு, தாண்டிப் போய்விடுங்கள். கேனான் 50 எஃப்/1.4 இந்த விஷயத்தில் தேவலை. வேகமான லென்ஸ் வேண்டும், லைக்கா விலை கட்டாது என்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

சோவியத் லென்ஸ்களை நம்பலாமா?

கண்ணாடியை நம்பலாம், தனித்தனி லென்ஸை மட்டும் சோதிக்காமல் நம்பக்கூடாது. ஜூப்பிட்டர்-8 எஃப்/2, ஜூப்பிட்டர்-3 எஃப்/1.5 இரண்டும் சைஸ் சோனாரின் வழி வந்தவை, போருக்குப் பிறகு ஜெர்மனியிலிருந்து கொண்டுபோன வடிவமைப்புகளின் அடிப்படையில் செய்தவை. இண்டஸ்டார்-61 எல்/டி 55 மி.மீ. எஃப்/2.8, லாந்தனம் கண்ணாடி, அசாத்தியமாக ஷார்ப்பான லென்ஸ், பார்ப்பதற்குத்தான் சாதாரணம். பெரும்பாலானவற்றில் சீரியல் எண்ணின் முதல் இரண்டு இலக்கம் தயாரித்த ஆண்டு.

பிரச்சினை இரண்டு. ஒன்று, பலமுறை யார் யாரோ கழற்றி மாட்டியிருப்பார்கள், ஷிம் மாறியிருக்கும், புரி தவறான இடத்தில் ஏறியிருக்கும். இன்னொன்று அளவிலேயே இருக்கிறது. லைக்காவின் ரேஞ்ச்ஃபைண்டர் 51.6 மி.மீ. குவியத் தூரத்தை வைத்துக் கணக்குப் போட்டது. காண்டாக்ஸ் வழி வந்த சோனார் லென்ஸ்கள் 52.4 மி.மீ. பக்கம். தொலைவில் எடுக்கும்போது ஒன்றும் தெரியாது. 1 மீட்டரில் கணக்குப் போட்டுப் பார்த்தால் ஃபோக்கஸ் சுமார் 3 செ.மீ. பின்னால் விழும். எஃப்/1.5-ல் மொத்த ஆழமே 3.4 செ.மீ. என்று மேலே சொன்னேன், அதில் பாதி மட்டும்தான் பின்பக்கம் என்பதால் ஃபோக்கஸ் செய்த கண் வெளியே போய்விடும். ஜூப்பிட்டர்-8-ல் எஃப்/2.8-க்கு மூடிவிட்டால் சமாளித்துவிடலாம். ஜூப்பிட்டர்-3-ஐ லைக்காவில் திறந்து வைத்து எடுக்க வேண்டும் என்றால், ஷிம் சரிசெய்யத் தெரிந்த ஒருவரிடம் கொடுத்து வாங்குங்கள். அந்தச் செலவையும் விலையோடு சேர்த்துக் கணக்கிடுங்கள்.

சோனார் லென்ஸில் ஃபோக்கஸ் நகரும் என்கிறார்களே?

உண்மைதான். லுட்விக் பெர்ட்டெலே வடிவமைத்த சோனார் எஃப்/1.5 1932-ல் காண்டாக்ஸோடு வந்தது. கண்ணாடிகளை ஒட்டி, காற்று படும் பரப்புகளைக் குறைத்த அமைப்பு, கோட்டிங் இல்லாத காலத்தில் அது பெரிய லாபம். அதற்கு விலையாக, அபெர்ச்சரை மூட மூட ஃபோக்கஸ் கொஞ்சம் பின்னால் போகும். எஃப்/1.5-ல் சரியாக இருக்கும் லென்ஸ் எஃப்/2.8-ல் தவறும். எஃப்/5.6 தாண்டினால் ஆழம் கூடி அது மறைந்துவிடும். உங்கள் லென்ஸ் எந்த அபெர்ச்சரில் சரியாக நிற்கிறது என்று ஒருமுறை சோதித்துவிட்டால், மற்றதில் உடம்பை ஒரு விரல் அளவு, தேவைக்கேற்ப முன்னாலோ பின்னாலோ, சாய்த்துப் பழகிக்கொள்ளலாம். அந்த லென்ஸ் தரும் முகங்களுக்காக இந்தச் சிரமத்தைப் படலாம் என்பது என் எண்ணம்.

வீட்டில் ஃபோக்கஸைச் சோதிப்பது எப்படி?

முதலில் தொலைவு. ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் கோபுரம், அல்லது நிலா. லென்ஸை முடிவிலிக் குறியில் நிறுத்தினால் இரட்டைப் பிம்பம் சரியாக ஒன்று சேர வேண்டும். சேரவில்லை என்றால் லென்ஸா கேமராவா என்று தெரிய, இன்னொரு லென்ஸை மாட்டிப் பாருங்கள். இரண்டும் ஒரே மாதிரி தவறினால் கேமராவைச் சர்வீஸுக்குக் கொடுக்க வேண்டும்.

அப்புறம் கிட்டம். கேமராவை ஸ்டாண்டில் நிறுத்துங்கள். 1 மீட்டர் தள்ளி மேசையில் நீளமான அளவுகோல் ஒன்றை, பெரிய எண்கள் தூரப் பக்கம் இருக்கும்படி, 45 பாகை சாய்வாக வையுங்கள், 15 செ.மீ. கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு தீக்குச்சியை நிமிர்த்தி நிறுத்துங்கள். ரேஞ்ச்ஃபைண்டருக்கு நிமிர்ந்த கோடு வேண்டும், அளவுகோலின் எண்களைப் பார்த்து ஃபோக்கஸ் செய்தால் ஏமாற்றும். குச்சியில் ஃபோக்கஸ் செய்து, முழுக்கத் திறந்த அபெர்ச்சரில் ஒரு படம். வளையத்தைத் திருப்பிவிட்டு மறுபடி புதிதாக ஃபோக்கஸ் செய்து இன்னொன்று, இன்னொன்று. கையின் தவறும் லென்ஸின் தவறும் பிரிந்து தெரியும்: கைத்தவறு முன்னும் பின்னும் சிதறும், லென்ஸின் தவறு ஒரே பக்கம் விழும். நெகட்டிவில் ஷார்ப்பான கோடு 18-ல் என்றால், சாய்வு காரணமாக உண்மையான விலகல் அந்த 3 செ.மீ.யில் பத்தில் ஏழு பங்கு, அதாவது 2.1 செ.மீ. பின்பக்கம்.

மிரர்லெஸ் டிஜிட்டலில் மாட்டிப் பார்த்தால் போதாதா?

கண்ணாடியைப் பற்றித் தெரிந்துகொள்ள அருமையான வழி. மங்கல், ஓரம், கான்ட்ராஸ்ட் எல்லாம் அரைமணியில் தெரிந்துவிடும். ஆனால் அங்கே நீங்கள் லென்ஸ் வழியாகவே ஃபோக்கஸ் செய்கிறீர்கள், பின்னால் இருக்கும் உலோக வளையம் சும்மா நகர்ந்துகொண்டிருக்கும். மிரர்லெஸில் அட்டகாசமாக இருந்த லென்ஸ் ரேஞ்ச்ஃபைண்டரில் தவறுவது சகஜம்.

மடக்கும் லென்ஸில் என்ன பார்க்க வேண்டும்?

வெளியே இழுத்துத் திருகினால் உறுதியாகப் பூட்ட வேண்டும், பூட்டிய பிறகு ஆடக்கூடாது. லைக்கா எம்5, சி.எல். இரண்டிலும் உள்ளே மீட்டரின் கை நீட்டிக்கொண்டிருக்கும், டிஜிட்டல் எம் கேமராக்களிலும் உள்ளே இடம் குறைவு. அவற்றில் மடக்காமலேயே வைத்திருங்கள்.

கோட்டிங் இல்லாத போருக்கு முந்தைய லென்ஸ்?

கண்ணாடி மேல் ஒளி பிரதிபலிப்பதைக் குறைக்கும் கோட்டிங்கை சைஸில் அலெக்ஸாண்டர் ஸ்மகுலா 1935-ல் கண்டுபிடித்தார். போருக்குப் பிறகுதான் எல்லா லென்ஸுக்கும் பரவலாக வந்தது. கோட்டிங் இல்லாததில் கான்ட்ராஸ்ட் குறைவாக, நிழல்கள் திறந்து கிடக்கும். உச்சி வெயிலில் கறுப்பு வெள்ளை எடுப்பவருக்கு அது வரம். கலர் எடுப்பவருக்கும், இதுதான் முதல் லென்ஸ் என்பவருக்கும் வேண்டாம். ஹூட் கட்டாயம்.

போலி லைக்கா லென்ஸ் என்கிறார்களே, எப்படிக் கண்டுபிடிப்பது?

சோவியத் இண்டஸ்டார்-22 மேல் எழுத்தை அழித்து எல்மார் என்று பொறித்து விற்பார்கள். வெளித்தோற்றம் அவ்வளவு ஒற்றுமை. உள்ளே பாருங்கள்: எல்மாரில் அபெர்ச்சர் பிளேடுகள் முன் கண்ணாடிக்கு உடனே பின்னால் இருக்கும், இண்டஸ்டாரில் இரண்டாவது கண்ணாடிக்குப் பின்னால். இந்த ஒன்றை மட்டும் யாராலும் பொறித்து மாற்ற முடியாது.

ஆன்லைனில் வாங்கும்போது விற்பவரிடம் என்ன கேட்க வேண்டும்?

அபெர்ச்சரைத் திறந்து, இரண்டு பக்கமும் டார்ச் அடித்து எடுத்த படம். பின்பக்க மவுண்ட் தெளிவாகத் தெரியும் படம். ஃபோக்கஸ் வளையம் முழுக்க ஒரே சீராகத் திரும்புகிறதா, எங்காவது இறுகுகிறதா என்ற பதில். இறுகினால் காய்ந்த கிரீஸ், சரிசெய்துவிடலாம். உள்ளே மணல் அரைப்பது போல் இருந்தால் புரியே தேய்ந்திருக்கும். கடைசியாக, திருப்பி அனுப்பும் உரிமை. "கொஞ்சம் மங்கல் உண்டு, படத்தைப் பாதிக்காது" என்று எழுதியிருந்தால், சர்வீஸ் செலவை விலையில் கழித்துக்கொள்ளச் சொல்லுங்கள். மறுத்தால் வேறு லென்ஸ் வரும், அவசரமில்லை.

50-க்குப் பதில் 40 மி.மீ. வாங்கினால்?

லைக்கா சி.எல்.லுக்கு வந்த சம்மிக்ரான்-சி 40 எஃப்/2 சின்னது, ஷார்ப்பானது. எம் கேமராவில் 50 மி.மீ. ஃப்ரேம்லைன் வரும், அதற்கு வெளியே கொஞ்சம் அதிகமாகப் படத்தில் விழும். அதன் பின்புற வளையம் சரிவாக வெட்டப்பட்டது, பெரிய எம் கேமராக்களில் போட லைக்கா பரிந்துரைக்கவில்லை. சி.எல். வைத்திருந்தால் யோசிக்காமல் வாங்குங்கள்.

வாங்கிய பிறகு எப்படி வைத்திருப்பது?

தோல் உறைக்குள் போட்டு அலமாரியில் பூட்டாதீர்கள், தோல் ஈரத்தைப் பிடித்துப் பூஞ்சையை வளர்க்கும். ஈரப்பதம் 40-50 சதவீதத்தில் நிற்கும் காற்றுப்புகாத பெட்டியும் சிலிக்கா ஜெல்லும் போதும். அடிக்கடி வெளியே எடுத்துப் படம் எடுங்கள்.

ஃபில்டர், ஹூட்?

லென்ஸோடு வந்தால் வாங்கிவிடுங்கள், தனியாகத் தேடினால் அலைச்சல். சம்மிக்ரானுக்கு 39 மி.மீ., ஜூப்பிட்டர்-8-க்கு 40.5, கேனான் எஃப்/1.4-க்கு 48. கேனான் எஃப்/1.8-க்கு 40, இந்த அளவு சுலபத்தில் கிடைக்காது, அளவு மாற்றும் வளையம் ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். பழைய எல்மாருக்குத் திருகே இல்லை, 36 மி.மீ. வெளிவிட்டத்தின் மேல் செருகும் வகைதான் பொருந்தும். வாங்குவதற்கு முன் முன்வளையம் நெளியாமல் வட்டமாக இருக்கிறதா என்று ஒரு பார்வை பாருங்கள், நெளிந்திருந்தால் எந்த ஃபில்டரும் ஏறாது, லென்ஸ் ஒருமுறை கீழே விழுந்திருக்கிறது என்பதும் அதிலேயே தெரிந்துவிடும்.